சிவப்புத் தொட்டிக்காரியின் மகள்

சாயப்பட்டறையில் யாரும் முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதில்லை. அந்த ஆவிக்குள் முகம் எங்கே தெரியப்போகிறது? கையைப் பார்ப்பார்கள். நீலத் தொட்டியில் நிற்பவளுக்கு முழங்கை வரைக்கும் நீலம். மஞ்சள் தொட்டிக்காரனுக்கு நகக்கண்ணிலிருந்தே மஞ்சள். ஊசியின் அம்மாவுக்கு இரண்டு கையும் சிவப்பு. சோப்புப் போட்டால் போகாது. சோடா போட்டுத் தேய்த்தால் தோல் போகும், நிறம் அங்கேயே நிற்கும். தொட்டியை விட்டு நின்றால் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும்தான். ஆனால் கை வெளுக்கிற நேரத்தில் அடுப்பு அணைந்திருக்கும்.

ஊசிக்கு ஒன்பது வயது. ஒல்லியாக இருந்ததால் ஊசி. அவள் தம்பிக்கு மூன்று வயது. அவனைப் பட்டறையில் எல்லாரும் குண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். போர் வந்த பிறகு அது சரிப்பட்டு வரவில்லை. ஒரு நாள் காலையில் அம்மா வாசலில் நின்று "குண்டு! டேய் குண்டு!" என்று கத்த, தெருவில் வந்துகொண்டிருந்த பால்காரர் கேனோடு குப்புற விழுந்தார். எழுந்து வந்து அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினார். அம்மாவும் சளைக்கவில்லை, பதிலுக்குத் திட்டினாள். அன்றிலிருந்து அவன் பெயர் உருண்டை.

உருண்டை வயிற்றில் இருக்கும்போதே அப்பா பட்டறை பாய்லர் வெடித்துச் செத்துப்போனார். வீட்டில் வேறு பெரியவர்கள் கிடையாது. அம்மா வேலை நேரத்தில் பிள்ளையை ஊசியிடம் விட்டுவிட்டு, மத்தியான மணி அடித்ததும் பட்டறைப் பின்சுவர் ஓரமாக வந்து உட்கார்ந்து, ரொட்டியைக் கஞ்சியில் நனைத்து அவனுக்கு ஊட்டுவாள். பால் மறந்த நாளிலிருந்து அவன் தின்றதெல்லாம் அந்தச் சிவப்புக் கையிலிருந்துதான். வேறு கை வாய்ப்பக்கம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வான். சிவப்பாக இல்லாத கை அவனுக்குக் கையே இல்லை.

முதல் குண்டு விழுந்ததும் அப்படி ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான். சங்கு அலறியது. ஷிப்ட் சங்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஏனென்றால் அது நிற்கவேயில்லை.

"தொட்டிக்குள்ள எறங்குங்க! புள்ளைங்கள மொதல்ல தூக்கிப் போடுங்க!" என்று பிட்டர் கத்தினான். பட்டறைக் குழாய்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற வாலிபன் அவன். சிவப்புத் தொட்டியை அன்று கழுவுவதற்காகக் காலி செய்திருந்தார்கள். கருங்கல் தொட்டி. ஆள் உயரம் இருக்கும், சுவர் ஒரு முழம் கனம். பட்டறை ஆட்கள் நாற்பது பேரும் அவர்கள் பிள்ளைகளும் அதற்குள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்தார்கள். அடியில் பழைய சாயம் சேறு மாதிரி தேங்கியிருந்தது.

"அம்மா, செவுரு ஒடைஞ்சிருமா?"

"இந்தச் செவுர ஒடைக்கிற குண்டு இன்னும் செய்யல. வாய மூடு, மண்ணு போகும்."

சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை. தரை கீழேயிருந்து உதைத்தது. ஊசியின் பற்கள் ஒன்றோடொன்று மோதின. அதற்குப் பிறகுதான் சத்தம். கூரையிலிருந்து தூசியும் பல்லியும் விழுந்தன. யாரோ ஒருத்தி சாமியைக் கூப்பிட்டாள், இன்னொருத்தி மேனேஜரைக் கூப்பிட்டாள், இரண்டு பேரும் வரவில்லை. இதற்கெல்லாம் நடுவில் உருண்டை வாயைத் திறந்தான். மென்றுகொண்டிருந்த துண்டு முடிந்துவிட்டது, அடுத்தது வேண்டும். அம்மா ரொட்டியை மார்போடு அணைத்து உள்ளே கொண்டு வந்திருந்தாள். தூசியை ஊதிவிட்டு ஊட்டினாள்.

சங்கு நின்று, ஒவ்வொருவராகத் தொட்டியைவிட்டு ஏறியபோது, எல்லார் பின்பக்கமும் சிவப்பாக இருந்தது. மேனேஜர் ஆபீஸ் கணக்குப்பிள்ளையுடைய வெள்ளைக் கால்சட்டைதான் அதிகம்.

"நல்லதாப் போச்சு. இனிமே நம்ம ஆளுங்கள பின்னாடி பாத்தே கண்டுபிடிச்சிரலாம்" என்றான் பிட்டர்.

சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள். அங்கே சிரிப்பு நின்றது. எதிர்த் தெருவில் ரொட்டிக்கடை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கடைக்காரருடைய தராசு மட்டும் ஒரு உடைந்த மேசைமேல் நேராக நின்றுகொண்டிருந்தது. ஊசி பார்க்கக் கூடாதென்று அம்மா அவள் கண்ணைப் பொத்தினாள். பொத்திய விரல்களுக்கு நடுவில் இடம் இருந்தது. ஊசி பார்த்தாள்.

அன்று சாயங்காலம் பிட்டர் அவள் கையில் ஒரு பேரிங் குண்டு வைத்தான். இரும்பு, கோலிக்குண்டு அளவு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. "வெச்சிக்க ஊசி. எது ஒடைஞ்சாலும் இது ஒடையாது."

அதற்கடுத்த வாரம் உத்தரவு வந்தது. பிள்ளைகளை நகரத்தைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும். பட்டறை ஆட்கள் மட்டும் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக் கம்பளிக்குச் சிவப்பும் பட்டாளத் துணிக்குப் பச்சையும் அங்கேதான் ஏறுகிறது, அதனால் அது போர் வேலையாம். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட நீலத்தொட்டி அத்தையை மட்டும் விட்டார்கள். அவள் நிறைமாதத்தை நெருங்கியிருந்தாள், தொட்டிமேல் குனிய வயிறு விடவில்லை. லாரி ஓட்டியவர் அவள் புருஷன். போர் நேரத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்ததால் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "பாம் பாம்" என்று வாயாலேயே அடிப்பார். அதனால் பிள்ளைகளுக்கு அவர் ஹாரன் மாமா.

லாரி ஏறும்போது அம்மா அழவில்லை. உருண்டையின் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தாள், மூட்டையின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"அவன் என் கையில தவிர திங்க மாட்டான். பாத்துக்க."

"எப்படிப் பாத்துக்க?"

"எனக்கென்ன தெரியும்? எதையாவது பண்ணு. ஒனக்கு மூளை இருக்கில்ல? அதுல ஏதாவது பண்ணு."

சங்கு ஊதியது. ஷிப்ட் சங்குதான். அம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நேரம் தப்பினால் அரை நாள் கூலி போய்விடும்.

அவர்கள் போய் இறங்கியது ஆற்று வளைவில் இருந்த செங்கல் சூளை. நீளமான கட்டடம், வரிசையாக வளைவு வைத்த அறைகள், ஒவ்வொன்றும் உள்ளே புகையேறிக் கறுத்துப்போனது. கல்லை உள்ளே அடுக்கி வாசலை அடைத்துத் தீ வைக்கிற அறைகள். இப்போது தீ வைக்கக் கூடாது, கஞ்சிக்கு மட்டும் புகையாத கரியடுப்பு. புகையைப் பார்த்து விமானம் வரும். அதனால் சூளை அணைந்து கிடந்தது, அறைக்குப் பத்துப் பிள்ளைகளாக வைக்கோலில் படுத்தார்கள். சுவர் கனம். ஊசி முதல் காரியமாக அதை முழம் போட்டுப் பார்த்தாள். தொட்டிச் சுவரைவிடப் பெரிது.

சூளை மேஸ்திரிக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. "கல்லு வேகுற எடத்துல புள்ளைய வேக வெக்கச் சொல்றானுங்க" என்று முதல் நாளே சத்தம் போட்டார். அடுத்து எல்லாருக்கும் மொட்டை அடித்தார். பேன் வைக்கோலுக்கு வந்தால் வைக்கோல் கல் சுமக்கிற கழுதைகளுக்கு வரும், கழுதைக்குப் பேன் வந்தால் அவருக்குத் தாங்காதாம். ஊசியின் பின்னல் இரண்டும் மண்ணில் கிடந்தன. கழுதை ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனது.

தீதான் கூடாது, மண் பிசையலாம், அச்சில் போடலாம், காய வைக்கலாம். "சும்மா ஒக்காந்தா பேன்தான் வளரும்" என்று மேஸ்திரி பிள்ளைகளைப் பச்சைக்கல் திருப்ப விட்டார். அச்சிலிருந்து வந்த ஈரக்கல்லை ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் மூலை உடையும், தாமதித்தால் கல் வளையும். குனிந்தே செய்கிற வேலை. மத்தியானத்துக்குள் ஊசியின் இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. ஆனால் செய்கிற நேரத்தில் அம்மா நினைப்பு கொஞ்சம் ஒதுங்கி நின்றது. அதனால் அவள் வேலையை வேண்டாமென்று சொல்லவில்லை.

உருண்டை சாப்பிடவில்லை.

முதல் நாள் ஊசி ஊட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டான். நீலத்தொட்டி அத்தை ஊட்டினாள், அந்த நீலக் கையைப் பார்த்ததும் வீறிட்டான். மேஸ்திரி ஒரு முறை முயன்றார், கடி வாங்கினார்.

"விடுங்க. பசிச்சாத் தின்னுட்டுப் போறான்" என்று விரலை உதறிக்கொண்டே போனார்.

பசித்தும் தின்னவில்லை. தண்ணீர் குடித்தான். மறுநாளைக்கு அழக்கூடத் தெம்பில்லாமல் வைக்கோலில் கிடந்தான். அவன் கன்னம் ஒட்டியதை ஊசி முதன்முதலாகப் பார்த்தாள். குண்டுக்குப் பயந்து கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை கஞ்சிக் குண்டான் பக்கத்திலேயே செத்துப்போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அவள் எழுந்து வெளியே போனாள். எங்கே போவதென்று தெரியாமல் நொறுங்கின செங்கல் கொட்டிய குவியலில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தபோது புறங்கை சிவப்பாக இருந்தது.

சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தாள்.

அப்புறம் நன்றாக வெந்த துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். கல்லில் வைத்து நுணுக்கினாள். தூள் ஒட்டவில்லை, உதிர்ந்தது. அத்தையிடம் போய்க் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் கேட்டாள்.

"எதுக்குடி?"

"நூலுக்குப் போடுவீங்கல்ல அத்தை, மொடமொடன்னு நிக்க. அதுக்குத்தான்."

"இங்க எங்கடி நூலு?"

ஊசி அதை வாங்கிக்கொண்டு வந்து குழைத்துப் பூசினாள். முழங்கை வரைக்கும் பூசினாள். விரல் நுனிகளை மட்டும் விட்டாள், பிள்ளை வாய்க்குள் செங்கல் போகக் கூடாதே. அம்மா கை ரத்தச் சிவப்பு, இது மங்கல் சிவப்பு. பரவாயில்லை, அறைக்குள் இருட்டு. ரொட்டியை நனைத்து, முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டினாள்.

உருண்டை கையைப் பார்த்தான். ஊசியைப் பார்த்தான். யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு வாயைத் திறந்தான்.

அன்றிலிருந்து வேளா வேளைக்குப் பூச வேண்டியிருந்தது. காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் அரிக்கும். அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு வேளையும் ஒரு சிரட்டைக் கஞ்சித் தண்ணீரை ஓரமாக எடுத்து வைத்தாள். மேஸ்திரிதான் விடவில்லை. "முப்பது வருசமா கல்லு அறுக்கிறேன். செங்கல்ல பவுடர் போட்டுக்கிற மகாராணிய இப்பத்தான் பாக்குறேன்" என்பார். ஆனால் நன்றாக வெந்த உடைகல்லாகப் பார்த்து ஊசியின் பக்கம் எறிந்துவிட்டுப் போவதும் அவர்தான்.

நகரத்தில் மறுபடி குண்டு விழுந்தது ஒரு காலை நேரத்தில். சூளைக்கு அதன் சத்தம் முழுதாக வரவில்லை. முதலில் அடுக்கி வைத்திருந்த பச்சைக்கல் ஒன்றோடொன்று உரசி நறநறத்தது. பிள்ளைகள் வேலையை விட்டு நிமிர்ந்தார்கள். ஆற்றுக்கு அப்பால் கறுப்புப் புகை தூண் தூணாக எழும்பி, மேலே போய் ஒன்றாகச் சேர்ந்தது. எந்தத் தூண் எந்தத் தெரு என்று பெரிய பையன்கள் வாதம் செய்தார்கள். ஊசி மட்டும் குனிந்து கல்லைத் திருப்பினாள். அவசரத்தில் வரிசையாக மூலை உடைந்தது. மேஸ்திரி பார்த்தார், திட்டவில்லை. திட்டாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஹாரன் மாமா லாரியோடு வந்தார். பாம் பாம் சத்தம் இல்லாமல் வந்தார். இறங்கி, பொண்டாட்டி பக்கம் போய், மெதுவான குரல் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். அவருக்கு மெதுவான குரலே கிடையாது.

"பட்டறை மேலயே விழுந்துருச்சு. சிவப்புக் கொட்டகை தரைமட்டம். கிட்டப் போக முடியல, கயிறு கட்டித் தடுக்கிறானுங்க. தெருவெல்லாம் செவப்பா ஓடிக் கெடக்கு. பாக்க முடியல."

அத்தை தலையில் கை வைத்தாள். பிள்ளைகள் சிலர் அழ ஆரம்பித்தார்கள்.

"மாமா" என்றாள் ஊசி. "அதுல ஈ மொய்ச்சுதா?"

ஹாரன் மாமா திரும்பிப் பார்த்தார். "என்ன கேள்விம்மா இது?"

"மொய்ச்சுதா இல்லையா?"

"இல்ல."

"காஞ்ச எடம் கறுத்திருந்துச்சா?"

அவர் யோசித்தார். "இல்லையே. செவப்பாவே இருந்துச்சு. எம் டயர்லகூட ஒட்டியிருக்கு, பாரு."

ஊசி போய்ப் பார்த்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள். சோடா வாசனை வந்தது.

"சாயம்" என்றாள். "ரத்தம் இல்ல. இது எங்கம்மா தொட்டிச் சாயம்."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்கள். ஊசியால் மட்டும் முடியவில்லை. சாயம் தெருவுக்கு வந்திருக்கிறதென்றால் தொட்டி உடைந்திருக்கிறது. உடைக்கிற குண்டு இன்னும் செய்யவில்லை என்று அம்மா சொன்ன சுவர். வேலை நேரத்தில் அம்மா நிற்கிற இடம் அந்தச் சுவரோரம்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அத்தைக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அன்று கஞ்சித் தண்ணீரோடு ஊசியின் பங்கு ரொட்டியைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

"நாளைக்கோ மறுநாளோ மிச்சம் இருக்கிற ஆளுங்கள ஏத்திட்டு வரச் சொல்லியிருக்கு" என்றார் ஹாரன் மாமா புறப்படும்போது. மிச்சம் என்ற வார்த்தையைச் சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஊசி பூசினாள், ஊட்டினாள். பூசினாள், ஊட்டினாள். உருண்டை இப்போது கன்னம் தேறி, சூளை வாசலில் கழுதைகளோடு பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. அவன் அம்மா வேளைக்கு வந்து ஊட்டிக்கொண்டுதானே இருக்கிறாள். ஊசி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் வெடித்து, விரலிடுக்கில் புண். அம்மா வந்துவிட்டால் இதைக் கழுவிவிடலாம். வராவிட்டால் கழுவவே முடியாது. அவன் பெரியவனாகிற வரைக்கும் தினமும் செங்கல் நுணுக்க வேண்டும். சூளை மூடினால் செங்கலுக்கு எங்கே போவது என்றுகூட யோசித்தாள். அழவில்லை. அழுதால் பூசியது கரையும்.

லாரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தூரத்திலேயே பாம் பாம் கேட்டது. பிள்ளைகள் ஓடினார்கள். ஊசி எல்லாரையும் முந்திக்கொண்டு பின்கதவு ஓரம் போய் நின்றாள்.

ஆட்கள் இறங்கினார்கள். ஒருத்தர் முகமும் முகமாக இல்லை. உச்சந்தலையிலிருந்து சாம்பல், கண்ணில் மட்டும் ஈரம். யார் அண்ணன், யார் அத்தை என்று சொல்ல முடியாது. ஊசி முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவள் பட்டறைக்காரி மகள். கதவைப் பிடித்து இறங்குகிற கைகளைப் பார்த்தாள். நீலக் கை. மஞ்சள் கை. துணி சுற்றிய கை, சுற்றிய துணிக்கு வெளியே மஞ்சள் விரல். பச்சைக் கை. இன்னொரு பச்சைக் கை, சாணி அப்பினதுபோல் ஒரு பச்சை. அதையடுத்து இன்னொன்று. நீலம். மறுபடி நீலம்.

லாரி காலியானது. ஹாரன் மாமா கதவைச் சாத்தினார்.

சிவப்பு இல்லை.

சுற்றிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டு யார் யார் மேலோ ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊசி லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் இன்னும் கொஞ்சம் சாயம் ஒட்டியிருந்தது. உருண்டைக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிறது, போய்ச் செங்கல் நுணுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. திரும்பினாள்.

அவள் மொட்டைத் தலையில் பின்னாலிருந்து ஒரு தட்டு விழுந்தது.

"டேய் மொட்டை. இங்க சிவப்புத் தொட்டிக்காரி புள்ளைங்க ரெண்டு இருக்கே, ஒண்ணு ஒல்லியா, ஒண்ணு உருண்டையா. எங்க படுத்திருக்குதுங்கன்னு தெரியுமாடா?"

ஊசி திரும்பிப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. கை தெரிந்தது, சாணிப் பச்சை. குரல் மட்டும் தொட்டிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

"அம்மா?"

சாம்பல் முகத்தில் இருந்த கண் இரண்டும் குனிந்து பார்த்தன.

"அடிப் பாவி. ஊசியாடி நீ? எங்கடி ஒன் முடி?"

"கழுதைக்குப் பேன் வந்துரும்னு வெட்டிட்டாங்க."

"எந்தக் கழுதைக்கு?"

ஊசி அம்மாவின் வயிற்றில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். சாம்பல் மூக்கில் ஏறித் தும்மினாள், அழுதாள், மறுபடி தும்மினாள். அம்மா அவள் தலையைத் தடவினாள். மொட்டை பழக்கமில்லாததால் கை வழுக்கிக்கொண்டே போனது.

"நான் எறங்கும்போது நீ என்னப் பாத்தியேடி. பாத்துட்டு அடுத்த ஆளப் பாத்த. எவனோ சூளைக்காரப் பய பாக்குறான்னு நெனச்சேன். பெத்தவளத் தெரியலையா?"

"ஒங்கை செவப்பா இல்லையே!" என்று ஊசி கத்தினாள். கோபமாகத்தான் கத்தினாள். "நான் கையத்தானே பாத்தேன்!"

அம்மா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் இருந்தது.

"மாத்திட்டானுங்கடி. நீங்க கெளம்பின மறு வாரமே. ஆஸ்பத்திரிக் கம்பளி போதும், பட்டாளத்துக்குப் பச்சை பத்தலன்னு எங்க தொட்டியில நின்ன எல்லாரையும் ஆத்தோரக் கொட்டகைக்குத் தள்ளிட்டானுங்க. நான் கெடையாக் கெடந்து சண்ட போட்டேன். பத்து வருசம் நின்ன தொட்டி, போக மாட்டேன்னு. மேனேஜர் மூஞ்சிக்கு நேரா நல்லாக் கேட்டேன்." கையைத் திருப்பிப் பார்த்தாள். "அந்தாளு கேக்காததால நான் நிக்கிறேன். செவப்பு மேல பச்சை ஏறினா என்ன ஆகும், பாரு, சாணிக் கலரு."

"தொட்டி ஒடைஞ்சிருச்சா?"

"ஒடைஞ்சிருச்சு. முழுசா சாயம் நின்னுச்சு அதுல. திறந்துவிட ஆளில்லாம அப்பிடியே விட்டிருந்தோம்."

"அங்க ஒருத்தரும் இல்லையா?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சில அடி போன பிறகுதான் சொன்னாள். "பிட்டர் இருந்தான். குழாய் கழட்டப் போனான்."

ஊசி சட்டைப் பைக்குள் விரலை விட்டுப் பேரிங் குண்டைத் தொட்டாள். அது சில்லென்று இருந்தது.

சூளை வாசலில் உருண்டை கழுதைக்கு ஏதோ புத்தி சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா முகத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவிக்கொண்டு போய் அவனைத் தூக்கினாள். முகம் தெரிந்தது, சிரித்தான். அத்தை கஞ்சியும் ரொட்டியும் கொண்டு வந்து வைத்தாள். அம்மா ரொட்டியை நனைத்து நீட்டினாள்.

உருண்டை கையைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டான். அம்மா இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போனதும் வீறிட்டு, நெளிந்து இறங்கி, நேராக ஊசியிடம் ஓடி அவள் செங்கல் கையைப் பிடித்து இழுத்தான்.

அம்மா அப்போதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தாள். எடுத்துத் திருப்பினாள். வெடிப்பைப் பார்த்தாள், விரலிடுக்குப் புண்ணைப் பார்த்தாள், பூசாமல் விட்ட விரல் நுனிகளைப் பார்த்தாள். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"செங்கல்லா?"

"ம். கஞ்சித் தண்ணியில கொழைச்சது."

"நல்லா ஏறியிருக்கே" என்றாள் அம்மா. தொட்டிக்காரி ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க அந்தப் பொடி? கொண்டா, நானும் பூசிக்கிறேன். பய பட்டினி கெடக்கப் போறான்."

"வேணாம்" என்றாள் ஊசி. "விடு. பசிச்சாத் தின்னுட்டுப் போறான்."

கல் அடுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? இத நான் அன்னைக்கே சொன்னேன். ஒரு நாயும் காதுல வாங்கல."

"நீங்க கடி வாங்கிட்டுல்ல சொன்னீங்க?" என்றாள் அத்தை.

அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாம்பல் உதிர உதிரச் சிரித்தாள். சிரிப்பு எங்கோ ஓரிடத்தில் அழுகையானது, அவளே அதைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

ஊசி தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாள். செங்கல் ஒரே கழுவலில் கரைந்து போனது. கீழே அவளுடைய சொந்தக் கை இருந்தது, ஒல்லியாக, கழுதை நக்கினதுபோல் வெளுத்து. சட்டையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய் வைக்கோலில் விழுந்தாள். வெளியே பச்சைக்கல் ஒரு வரிசை முழுக்கத் திருப்பப்படாமல் கிடந்தது. வளைந்தால் வளையட்டும்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், உருண்டை சிணுங்கிக்கொண்டே வந்ததும், கிண்ணம் தரையில் உரசியதும் காதில் விழுந்தன. அவனுக்குப் பசிதான், ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. "இந்தா, பச்சையம்மா தரேன். இல்லன்னா கழுதைக்குப் போட்டுருவேன். போட்டுரவா? போட்டுட்டேன் பாரு" என்று அம்மா பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சிணுங்கல் இழுத்துக்கொண்டே போனது, பிறகு விட்டுவிட்டு வந்தது. ஊசியின் மொட்டைத் தலையில் ஒரு கை வந்து நின்றது, அதன் சொரசொரப்பு மாறவில்லை.

தூக்கம் அவளை இழுத்துக்கொண்டு போகும்போது, சப்பென்று வாய் திறக்கிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் கேட்டன. எந்தக் கையிலிருந்து என்று பார்க்க அவள் கண்ணைத் திறக்கவில்லை.